நைசை என்றால்

“அந்த ‘நைசை’ன்னா என்ன அர்த்தம் சார்?”

நாற்காலியில் உட்காரும் முன்பே லூர்துமேரி கேட்டுவிட்டாள். ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து டீச்சர். லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி நாம்பள்ளி வரைக்கும் வந்து, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற கட்சிக்காரியை வக்கீல் உமாசங்கர் இப்போதுதான் பார்க்கிறார்.

அவளோடு வந்த ஆள் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். உட்காரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றான்.

“அது லத்தீன்மா.”

“சின்ன வயசுல பூசையெல்லாம் லத்தீன்லதான் சார். இந்த வார்த்தை மட்டும் காதுல விழுந்த ஞாபகமே இல்ல.”

உமாசங்கர் சிரித்தார். “‘இல்லாவிட்டால்’னு அர்த்தம். உனக்குக் கோர்ட் கொடுத்திருக்கறது டிக்ரி நைசை. விவாகரத்து ஆச்சு, ஆனா ஆறு மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள யாரும் தக்க காரணம் காட்டித் தடுக்கலேன்னாதான் உறுதியாகும். அப்புறம் அதுக்குப் பேரு டிக்ரி அப்சல்யூட். உனக்கு ஆறு மாசம் முடிஞ்சாச்சு. திங்கட்கிழமை மனு போட்டுடறேன். நிம்மதியா இரு.”

அவள் நிம்மதியானதாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

வந்தவன் ஓரடி உள்ளே வைத்தான். “திங்கட்கிழமைக்குள்ள அந்த ஆளு வந்து ஏதாச்சும் சொன்னா?”

“எந்த ஆளு? இவ புருஷனா?” உமாசங்கர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “கட்டினவளை விட்டுட்டுப் பட்டான்செருவுல வேற ஒருத்தியோட குடித்தனம் நடத்தினவன்! சம்மன் போயும் கோர்ட் பக்கம் தலைகாட்டல. எக்ஸ் பார்ட்டி, அதாவது அவன் இல்லாமலே விசாரிச்சுத் தீர்ப்பு சொன்னாங்க. அந்த அயோக்கியன் மூஞ்சியை ஜட்ஜும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. அவனாவது, வர்றதாவது! நீ பயப்படாதேப்பா.”

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். அங்கே அவன் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற சத்தம் கேட்டது.

“டீ சொல்லட்டுமாப்பா?” என்று உமாசங்கர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

“நக்கோ சார், வேணாம்.” நடை நிற்கவில்லை.

லூர்துமேரி குரலைத் தாழ்த்தினாள். “அவரைத் தப்பா நினைக்காதீங்க சார். நான் டைபாய்டுல கிடந்தப்ப ஆஸ்பத்திரியில ராவும் பகலும் கூட இருந்தது இவருதான். தூக்கி உக்கார வெச்சுக் கஞ்சி ஊட்டினாரு. நான் பிழைப்பேன்னு டாக்டரே நம்பல.”

“சரி, இருக்கட்டும். இப்ப எங்க தங்கியிருக்காரு?”

அவள் தயங்கினாள். “எங்க வீட்டுலதான்.”

உமாசங்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னம்மா காரியம் பண்ணிட்டே! டிக்ரி உறுதியாகறதுக்குள்ள ஒரு ஆம்பளையை வீட்டுல வெச்சிருக்கேன்னு எவனாவது மனு போட்டா போதும், மொத்தமும் ரத்தாயிடும். கேஸே போடாத மாதிரி பழையபடி அவனுக்குப் பொண்டாட்டியாத்தான் நிப்பே. இன்னிக்கே இவரை வேற இடம் பாத்துக்கச் சொல்லு!”

வராந்தாவில் நடை நின்றது. அவன் மறுபடி வாசலுக்கு வந்தான்.

லூர்துமேரி எழுந்துவிட்டாள். காய்ச்சலில் வற்றிப்போயிருந்த முகத்தில் சட்டென்று ரத்தம் ஏறியது. “நிஜமாவே ரத்தாயிடுமா சார்?”

“அதைத்தானே தடுக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்!”

“தடுக்க வேணாம் சார். நீங்களே ரத்து பண்ணிக் குடுத்துடுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா?” உமாசங்கர் மேஜையைத் தட்டினார். “முதல்ல இந்த ஆள் யாரு உனக்கு? அதைச் சொல்லு.”

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டைப் பித்தானைத் திருகியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என் புருஷன் சார்.”