மெடல் குத்த வந்தவர்

பொலிஸ் நினைவு தினக் காலை. ஓய்வுபெற்ற டி.ஐ.ஜி. ரெனால்ட் கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில் கோட்டோடு நின்றார். கை நடுங்குவதால் வருடாவருடம் பழைய சிநேகிதர் பிறெடிதான் வந்து மெடல்களைக் குத்திவிடுவார்.

"ஜிந்துப்பிட்டியில கூரைக்குக் கூரை ஓடினது ஞாபகம் இருக்கா சேர்?"

"மறப்பனே? ஓடு உடைஞ்சு தொங்கினன். நீ கை தந்து தூக்காட்டி அண்டைக்கே முடிஞ்சிருப்பன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வத்தளையிலிருந்து புதிதாக வந்த மருமகள் ஷெரோமிக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

"அங்கிளும் விழாவுக்குப் போறீங்கதானே?"

"எனக்குக் கார்ட் வரேல்ல மகள்."

அவளுக்குச் சுருக்கென்றது. அழைப்பிதழை எடுத்துக் காட்டினாள்.

"மேல இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு எண்டு பெரிசா அடிச்சிருக்கு. ஆனா கார்ட் பெரிய ஒஃபிசருக்கு மட்டும். உயிரைக் காப்பாத்தினவருக்கு ஒண்டும் இல்ல. நீங்க ஏன் மாமா கேக்கேல்ல?"

பிறெடி மிச்சமிருந்த பழைய மெடலைச் சட்டைக் கையில் துடைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் குத்தினார்.

"எனக்கு எப்படி மகள் கார்ட் தருவாங்கள்? அந்தக் கூரையில களவெடுத்துக்கொண்டு ஓடின என்னைப் பிடிச்சதுக்குத்தானே சேருக்கு இந்த முதல் மெடல்."

"நான் எங்க பிடிச்சனான்?" என்றார் ரெனால்ட். "நீதானே திரும்பி வந்தனீ."