தாகமறியாத பார்லி

"தண்ணி ஊத்தினது நீங்கள்தானே, றஸ்மியாக்கா?"

தரை துடைக்கும் துணியைப் பிழிந்தபடியே றஸ்மியா இல்லை என்றாள். நோன்பு மாதம். குரல் வறண்டிருந்தது.

சிவானி நம்பவில்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் அந்த ஆய்வுகூடத்தின் குளிரறையில் இருபத்துநாலு சாடி பார்லி. நாம் கடையில் வாங்கிக் கஞ்சி காய்ச்சுகிற அதே பார்லிதான். பாதிச் சாடிகளுக்குப் பூத்த நாளிலிருந்து தண்ணீர் கிடையாது. தாகத்தில் மணி எப்படி முற்றுகிறது, எந்த மரபணு விழிக்கிறது என்று பார்க்கத்தான் சிவானி மூன்று வருடமாக மாரடிக்கிறாள்.

தண்ணீர் இல்லாத சாடிகளிலும் மணிகள் கொழுகொழுவென்று திரண்டிருந்தன. முதலில் சந்தோசம்தான். பிறகு மணியை அரைத்துச் சோதித்தால், தாகம் வந்ததும் விழிக்க வேண்டிய மரபணு நல்ல தூக்கத்தில். அந்தப் பயிர் ஒருநாளும் தவித்ததே இல்லை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

காலையில் எல்லோருக்கும் முந்தி வருவது றஸ்மியா. வேறு யார்?

ஆய்வுகூடத் தலைவர் யோகநாதன் சேர் சிரித்தார். "நோன்பு பிடிக்கிற ஆள். பயிர் வாடுறதைப் பாக்க மனம் கேட்டிராது."

எல்லோரும் சிரித்தார்கள்.

றஸ்மியா இரண்டாம் தரமும் இல்லை என்றாள். மாளிகாவத்தையில் புருசன் படுத்த படுக்கை, இந்தச் சம்பளத்தில்தான் மருந்து ஓடுது, வேலையில் மண்ணள்ளிப் போடுவேனா என்றாள்.

சிவானி விடவில்லை. "என்ர மூண்டு வருசம் போச்சு. ஒத்துக்கொள்ளுங்கோ. உங்களுக்கு ஒண்டும் வராம நான் பாத்துக்கொள்ளுறன்."

றஸ்மியா ஒரு தரம் சேரைப் பார்த்தாள். பிறகு சிவானியை.

"சரி மிஸ். நான்தான்."

அடுத்த நாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சிவானி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப விதைக்கச் சேர் அனுமதி தந்தபோது, எவ்வளவு நல்ல மனுசர் என்றுதான் நினைத்தாள்.

பார்லி மறுபடி பூத்தது. தண்ணீரை நிறுத்தி ஒரு கிழமை. ஒருநாள் விடிய வெள்ளெனவே வந்து குளிரறைக் கதவைத் திறந்தால், உள்ளே போத்தலும் கையுமாகச் சேர்.

அவர் போத்தலை மறைக்கக்கூட இல்லை. இந்த இனம் தாகத்திலும் பதராகாது என்று தான் எப்போதோ ஆய்விதழில் எழுதிவிட்டதாகச் சொன்னார். "இப்ப பதராப் போனா என்ர பேர் என்னாகிறது, பிள்ளை?"

அன்று பின்னேரமே சிவானி மாளிகாவத்தைக்குப் போனாள். றஸ்மியா கடைக்குக் கொடுக்க இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் புருசனின் இருமல்.

சிவானி சேரைக் கண்டதைச் சொன்னாள். றஸ்மியா ஆச்சரியப்படவில்லை. நோன்புக்கு முந்தியே காலையில் இரண்டு தரம் கண்டாளாம்.

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல?"

றஸ்மியா அடுத்த தட்டை எடுத்து வைத்தாள்.

"சேர்தான் ஊத்தினாரெண்டு சொல்லியிருந்தா, சாட்சி எங்கேண்டு கேட்டிருப்பீங்க மகள். நான்தான் எண்டு சொன்னதுக்கு ஒருத்தரும் கேக்கல்லயே."