சத்தம் வைக்காத ஸ்கேன்

சத்தம் வைக்கவில்லை.

துடிப்பு தெரிந்தால் டாக்டர் வசுந்தரா திரையைப் படுத்திருக்கும் பெண் பக்கம் திருப்புவார். ஒரு பொத்தானை அழுத்துவார். அறைக்குள் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வரும். வெளியே ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருக்கும் அவளுக்கும் கேட்கும். ஏழு வருடங்களாகக் கேட்கிறாள்.

இன்று படுத்திருப்பது அவள்.

திரை திரும்பவில்லை.

ஆனாலும் ஓரம் கண்ணில் பட்டுவிட்டது. அரிசி அளவுதான். மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அளவுகளைச் சொன்னார். இடது குழாய் என்றார். துடிப்பு இருக்கிறது என்றார். எழுதிக்கொள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, நானே அடித்துவிடுகிறேன் என்றாள். வேறு யார் இருக்கிறார்கள்? வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு டைப் தெரியாது.

எதிர்த்தெரு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். கரு கர்ப்பப்பையில் இல்லை, குழாயில் தங்கியிருக்கும் போலிருக்கிறது. துடிப்பு இல்லையென்றால் ஊசி போட்டுக் கரைத்துப் பார்க்கலாம், குழாய் தப்பிக்கும். துடிப்பு இருந்தால் ஊசியை நம்ப முடியாது. இன்றைக்கே ஆபரேஷன், குழாயை எடுத்தாக வேண்டும். எதுவானாலும் இந்தக் குழந்தை கிடையாது.

கடைசியாகச் சொன்னதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

வலது குழாய் போன வருடமே போய்விட்டது. இதே காரணம்தான். இருப்பது இது ஒன்று.

தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டை யாரும் முதலிலிருந்து அடிப்பதில்லை. அதே மாதிரி பழைய ஒன்றைத் திறந்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். போன மாதம் வந்த குளித்தலைப் பெண்ணின் ரிப்போர்ட்டைத் திறந்தாள்.

அந்தப் பெயரை அழித்தாள். விஜயகௌரி என்று தன் பெயரை அடித்தாள்.

வயது 33.

வலது என்பதை இடது ஆக்கினாள். அளவை மாற்றினாள்.

அடுத்த வரி: கருவின் இதயத் துடிப்பு இல்லை.

கை நின்றது.

பொய்யாக ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டாம். அப்படியே விட்டுவிட்டால் போதும். இப்படி ஒரு வரி மாறாமல் போவது புதிதும் இல்லை. ஒரு தடவை, பித்தப்பையை எடுத்துவிட்ட ஒரு அம்மாவுக்குப் பித்தப்பை நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் போய்விட்டது. டாக்டர் திட்டினார். திட்டியதோடு சரி. அதற்குப் பிறகும் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

போன் வந்தது. அவள் கணவன் பூபதி. பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து பேசினான். பின்னால் தகரம் தட்டும் சத்தம்.

"ஊசிதானே கண்ணு? ஊசின்னா சொல்லு, அரை நாள் லீவு போட்டுட்டு வந்தர்றேன்."

ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சரி, முடித்துவிட்டுக் கூப்பிடு என்றான். யாருடைய ரிப்போர்ட் என்று கேட்கவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரிப்போர்ட் கவர் கிடக்கிறது. குழாய் வெடித்த பிறகு கொண்டுவந்து, பிழைக்காமல் போன ஒரு பெண்ணுடையது. வாங்கிப் போக யாரும் வரவில்லை. தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை.

எல்லாம் தெரியும் அவளுக்கு.

தெரிந்தும் அந்த வரியைத் தொடாமல் பிரிண்ட் கொடுத்தாள்.

டாக்டர் வந்தார். நின்றபடியே பேனாவைத் திறந்தார். தாளின் அடிப்பகுதியைத் தவிர வேறு எங்கும் அவர் கண் போகவில்லை.

பேனா தாளைத் தொட்டது.

"மேடம்."

"சொல்லும்மா."

"எனக்கு மட்டும் சத்தம் வைக்கலீங்களே."

டாக்டர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். மேலே, அவள் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றது.

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் பேனாவை மூடினார். ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தார். இப்போது வைக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தாளை வாங்கி நான்காகக் கிழித்தாள்.

இல்லை என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். உண்டு என்று அடித்தாள். மூன்றே எழுத்துக்கு இவ்வளவு நேரம் அவள் எடுத்துக்கொண்டதில்லை.

டாக்டர் இந்தத் தடவை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவள் பூபதியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏனுங்க, ஒரு வாரத்துக்கு லீவு சொல்லிட்டு வாங்க."

அவனுக்குப் பின்னால் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் போனை வைக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.