வாலில் ஒரு சிவப்புத் துணி

வாசலில் நிற்கும் சரக்கு வண்டியின் பின்தட்டில், ஒற்றை ஆள் உட்காரும் நீலக் கயாக் படகு கிடக்கிறது. தட்டுக்குள் அடங்காத அதன் வால் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. புருஷன் படகுக்குள் ஏறி, காலை அகட்டி, துடுப்பைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். "இப்படித்தான் நடு ஏரியில எழுந்து நின்னேன். துளிகூட ஆடல, தெரியுமா!" சாயங்கால வெயில் அவன் வழுக்கையில் மினுங்குகிறது. கயிறு அவிழ்க்க வந்த மனைவி படகின் வாலருகே நின்றுவிடுகிறாள். நீளச் சரக்கின் நுனியில் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்பது அவனுக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை. அவள்தான் கந்தல் ஒன்றைக் கொடுத்தனுப்புவாள். இன்று அவளும் மறந்துவிட்டாள். ஆனாலும் அங்கே ஓரம் தைத்த சிவப்புக் கைக்குட்டை ஒன்று, இஸ்திரி மடிப்புக் கலையாமல், பூப்போன்ற முடிச்சில் தொங்குகிறது. முகர்ந்து பார்க்கிறாள். இந்த வீட்டுச் சோப்பு இல்லை. "தனியாத்தானே போனீங்க?" "பின்ன? இந்தப் படகுல இன்னொரு ஆளுக்கு எங்க இடம் இருக்கு?" "படகுல இல்ல, சரி. வண்டியில இருக்கே." துடுப்பு மெல்லத் தாழ்கிறது. வண்டி அசையவில்லை, காற்றும் இல்லை. அவன் காலடியில் படகு ஒருபக்கமாய்ச் சாய்கிறது.