நிமிர்ந்து நின்ற வண்டி

வீடு கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், ஜல்லியோடு வந்து நின்ற பழைய பிக்கப்பின் பின்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"எப்பவும் விரல்கூட நுழையாது. வண்டி பின்னால உக்காந்துகிட்டேதான் வரும். இன்னிக்கு பாதி லோடை எங்கப்பா இறக்கின?"

"ஸ்பிரிங் பட்டை தேஞ்சுபோச்சும்மா. நேத்துதான் புதுசு போட்டேன். அதான் நிமிர்ந்து நிக்குது," என்றான் டிரைவர்.

"யாருக்குக் காது குத்தறே?"

"மேல பாருங்கம்மா, எவ்வளவு பெரிய குவியல்!"

"அடியில என்னத்தப் போட்டு நிரப்பியிருக்கியோ!"

"அப்ப வாங்க, எடை போட்டே பாத்துடலாம்."

"எடை போடறவன் உன் கூட்டாளியா இருப்பான். ஒண்ணும் இறக்க வேணாம். வண்டியத் திருப்பு!"

தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டிய டிரைவர், மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, கழட்டின பழைய பட்டையத் தூக்கிப் போட்டுடாதீங்க. சாயங்காலம் வர்றேன், அதையே மாட்டிக் குடுங்க."

"என்னப்பா இது! பழசு பாதி லோடுக்கே உக்காந்துடுது, இனிமேலாவது முழு லோடு ஏத்தணும்னு நீதானே மாத்தச் சொன்னே?"

"முழுசாத்தான் ஏத்திட்டுப் போனேன். திருடன்னு விரட்டி விட்டுடுச்சு அந்தம்மா. இத்தனை நாளா பாதி லோடு கொண்டு போனப்பல்லாம், உக்கார வச்சு டீ குடுத்து அனுப்புச்சுண்ணே!"