புள்ளி வண்டு

“அவ கொடி மட்டும் இன்னாமா பூத்துகினு கீது பாரு!”

காலடிப்பேட்டை மொட்டைமாடியில் தேசம்மாவுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து மாடியில் மதியின் பரங்கிக்கொடி பூவும் பிஞ்சுமாகச் சுவரேறி நின்றது. தேசம்மாவின் கொடியிலோ இலையெல்லாம் சல்லடை.

“இதுங்கதான் தின்னுதுங்க” என்று, தன் கொடியில் ஊர்ந்த வண்டுகளில் அம்மை போட்டதுபோல் கறுப்புப் புள்ளி வைத்த சிவப்பு வண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் அடைத்தாள். மதி கடைக்குப் போன நேரம் பார்த்து, எக்கி அவள் கொடியில் கொட்டினாள்.

“இப்போ காய்க்கட்டும், பாக்கலாம்!”

ஒரு மாதத்தில் மதியே பெரிய பரங்கிக்காயோடு வந்து நின்றாள்.

“மொதக் காயி ஒனக்குத்தான்க்கா. நீ வண்டு வுட்டத எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாரு.”

தேசம்மா காயை வாங்காமல் ஓரடி பின்வாங்கினாள்.

“என் கொடியில செடிப்பேன் புடிச்சிருந்துச்சிக்கா. புள்ளி வண்டு எலையத் தொடாம அந்தப் பேனத்தான் தின்னுச்சி. எலைய ஓட்ட போடுறது புள்ளியே இல்லாத நீட்டு வண்டு.”

மதி எட்டித் தேசம்மாவின் கொடியைப் பார்த்தாள். அதில் மிச்சமிருந்ததெல்லாம் நீட்டு வண்டுதான். மதிக்குக் கண் கலங்கியது.

“நல்லதையெல்லாம் எனக்கே குடுத்துட்டியே, ஒனக்கு ரெண்டு வண்டாவது வெச்சிக்கக் கூடாதாக்கா?”