ஒன்பது சிரட்டைக் கத்திரி

தாவர சாஸ்திரத்தில் தனக்குத் தெரியாதது இனிமேல்தான் முளைக்க வேண்டும் என்று சேஷன் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. காலேஜில் பாட்டனி எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அக்கா அனந்தலக்ஷ்மியின் கத்திரி நாற்றுகள் ஒன்பது சிரட்டைகளில் ஜன்னலோரம் இருந்தன.

சாதாரணக் கத்திரி இல்லை. அக்கா புருஷன், அத்திம்பேர், சிங்கப்பூரிலிருந்து கடைசிக் கடிதத்தில் மடித்து அனுப்பிய விதை. அப்புறம் ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்தான். கடிதம் நின்று ஒன்றரை வருஷம்.

பெட்டியில் வைத்திருந்த அந்த விதையைப் போன மாசம்தான் அக்கா போட்டாள். முளைத்த அன்றே அம்மா தீர்மானித்துவிட்டாள்: செடி நன்றாயிருந்தால் மாப்பிள்ளையும் நன்றாயிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்தாள்.

அக்கா காலையில் நாற்றுகளைக் கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சிறிது நேரம் வெயில் காட்டுவாள். ஒவ்வொன்றிடமும் குனிந்து ஏதோ பேசித் தாஜா பண்ணி உள்ளே கொண்டுவருவாள். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம். இப்படிப் பத்து நாள் பழக்கிவிட்டு, சாயங்காலமாய்ப் பார்த்து நட வேண்டுமாம்.

சேஷனுக்குப் பொறுக்கவில்லை. காட்டு மரங்களை யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வெயில் காட்டினார்கள் என்று கேட்டான். வெயில்தான் செடிக்குச் சோறு, இலையில் போட்டுவிட்டுப் பிடுங்குவது மகாபாவம் என்றான். குளோரோபில்லைச் சாட்சிக்கு அழைத்தான்.

மூன்றாம் நாள் அக்கா தபாலாபீசுக்குப் போனாள். அம்மா கண்ணயர்ந்தாள்.

உச்சி வெயிலில் ஒன்பதையும் கொல்லையில் நட்டான். நூல் பிடித்த வரிசை.

கைகால் கழுவி, பாட்டனியில் ஒரு பாடம் வாசித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பி வந்தான்.

ஒன்பதும் படுத்திருந்தன.

வேறு யார் வீட்டுக் கொல்லைக்கோ வந்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தான். அதே கிணறு. அதே வரிசை. இலைகள் ஈரத்துணி மாதிரி மண்ணில் ஒட்டிக் கிடந்தன.

ஒரு செம்புத் தண்ணீர் விட்டான். அசையவில்லை. இன்னொரு செம்பு. இப்போதுதான் வாசித்த பாடத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அம்மா ராத்திரி சாப்பிடுவாளா என்பது மட்டும்தான் வந்தது.

பின்னால் அக்கா நின்றாள். எப்போது வந்தாளோ. வெறும் கையோடு வந்திருந்தாள்.

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம்.

"அழாதேடா. அவர் அனுப்பின விதை ஒண்ணுகூட முளைக்கலை, கேட்டயா. இது சாலைக் கடையிலே வாங்கினது. அம்மா எழுந்திருக்கறதுக்குள்ளே ஏதாவது பண்ணு."

தான் அழுதுகொண்டிருப்பதே சேஷனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா உள்ளே போய், அம்மா படுத்திருந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

சேஷன் குடையைக் கொண்டுவந்து விரித்தான். நாலு செடிக்குத்தான் காணும். இடுப்பு வேஷ்டியை அவிழ்த்து, மீதி ஐந்துக்கும் மேலே குச்சி நட்டுக் கட்டினான்.

பிறகு கோவணத்தோடு மண்ணில் குந்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல் நாற்றின் அருகே குனிந்து ரகசியமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.